ஓரத்தை வெட்டாத பைண்டிங் கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெற்கு மாசி வீதியில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பிரிகிற ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடத்தில் நடக்கிறது. ஒரு கட்டிங் மெஷின், புத்தகத்தை இறுக்கி வைக்கும் மர அழுத்துப்பலகை, பசைச் சட்டி, சுவரோரம் அட்டைக் கட்டுகள், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். "பைண்டிங் பாய் கடை எது?" என்று கேட்டால் சந்து முனை டீக்கடைக்காரர் கைகாட்டுவார். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், வக்கீல் ஆபீஸ் கட்டுகள், மளிகைக் கடைப் பேரேடு, இவைதான் பாய்க்கு அன்றாடப் பிழைப்பு. நான் எழுத வந்தது அவர் எங்கள் கோயில் பதிவேடுகளுக்குச் செய்த வேலையைப் பற்றி. பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து (பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் ஜனங்களும்) நாலைந்து பேர் "எங்கே கொடுத்தீர்கள், எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விவரமாக எழுதிவிடுகிறேன்.

நான் மதுரைக்குக் கிழக்கே, வைகையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பங்கைச் சேர்ந்தவள். முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ஓய்வு பெற்றதும் பங்குப் பேரவைச் செயலாளர் பொறுப்பைக் கொடுத்தார்கள். எங்கள் சவேரியார் கோயிலுக்கு ஆண்டுவிழா மலர் போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது சிக்கல் தொடங்கியது. எந்த ஆண்டிலிருந்து கணக்குப் பண்ணுவது?

முகப்பில் சிலுவைக்குக் கீழே சுதையில் 1898 என்று இருக்கிறது. அதுதான் கோயில் கட்டின வருஷம், இதில் என்ன ஆராய்ச்சி என்றது ஒரு கட்சி. சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறையின் கூரையைப் பிரித்தபோது இறக்கிய ஓடுகளில் 1865 என்று அச்சு இருந்ததைப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். கோயில் 1865 என்று அவர்கள் கட்சி. பெரியவர்களுக்கு இரண்டுமே ஒப்பவில்லை. போர்ச்சுக்கீசியச் சாமியார் அருளானந்தர் நம்ம ஊரில் பூசை வைத்தார், அப்போதே கோயில் இருந்தது என்பது அவர்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட பேச்சு. அருளானந்தர் ஓரியூரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு வேதசாட்சியாக இறந்தது 1693இல். ஆக ஒரே கோயிலுக்கு இருநூறு வருஷ இடைவெளியில் மூன்று பிறந்த நாள்.

ஓட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மதுரைப் பக்கம் பழைய வீட்டுக்காரர்களும் இதில் ஏமாறுகிறார்கள். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த ஆண்டையே முத்திரையாகப் பிற்காலத்து ஓடுகளிலும் பதித்தார்கள். அது ஓடு சுட்ட வருஷமும் இல்லை, கூரை போட்ட வருஷமும் இல்லை. மதுரைக்கு ரயிலே 1875இல்தான் வந்தது.

மற்றதற்கெல்லாம் காகிதம்தான் பேச வேண்டும். எங்கள் பங்கு அலமாரியில் நான்கு பழைய கட்டுகள் இருந்தன. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, அப்புறம் ஒரு கோயில் கணக்கு நோட்டு. முதல் மூன்றும் லத்தீனில், பிரெஞ்சுச் சாமிமார் கையெழுத்தில். கணக்கு மட்டும் தமிழ், சாமியாருக்கு உதவியாக ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எழுதியது. ஞானஸ்நானப் பதிவேடு 1861இல் தொடங்குகிறது.

அந்த ஞானஸ்நானப் பதிவேட்டுக்குத்தான் பெரிய கெடுதல் நடந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ நல்ல எண்ணத்தில் வேறொரு கடையில் கொடுத்து பைண்டிங் செய்திருக்கிறார்கள். நீலத் துணி அட்டை, தங்க எழுத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வைத்து ஓரத்தைச் 'சமமாக்கி' விட்டார்கள். புது நோட்டுக்கு அது அழகு. பதிவேட்டுக்கு அது விரலை வெட்டின மாதிரி.

ஓரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நடுவில் இருப்பது பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தகப்பன். பிற்பாடு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் ஓரத்தில்தான் ஏறும். 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ரோமைச் சட்டப்படி ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவிலும் அதைக் குறிக்க வேண்டும். அதற்கு முன்னாலும் எங்கள் சாமிமார் ஓரத்தைச் சும்மா விடவில்லை. குதிரையிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போகிறவர்களின் கையில் எப்போதும் இருந்த நோட்டு அது ஒன்றுதான். மணி வந்தது, சுவர் சாய்ந்தது, கிணறு வெட்டியது, எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் இடம் கிடைத்த இடத்தில் இரண்டு வரி குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டடத்தின் கதை முழுக்க அங்கேதான்.

அப்படி ஒரு குறிப்பு எங்கள் பதிவேட்டில் உண்டு. 'தெக்தும் நோவும் அப்சொலூத்தும் ஆன்னோ 188'. புதிய கூரை முடிந்தது, ஆண்டு நூற்று எண்பத்தெட்டு என்று படிக்கக் கூடாது. நாலாவது எண் கத்தியோடு போய்விட்டது. 1880ஆ 1889ஆ என்பது அந்தக் கடையின் குப்பைக் கூடையில் விழுந்த ஒரு நூலளவுத் தாளில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிச்ச மூன்று கட்டுகளும் கந்தலாக இருந்தன. இராமபாணப் பூச்சி துளைத்த துளைகள், பழுப்பேறிய செலோ டேப், முதுகு விட்டுப்போன தையல். இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர் பக்கம் பக்கமாக லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்றார். இன்னொருவர் கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஓரத்த ஒரு தட்டு தட்டிட்டா புதுசாயிரும்" என்றார். இரண்டு இடத்திலிருந்தும் துணியில் சுற்றித் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்துக்காரர்தான் பாயைச் சொன்னார்.

பாய் கட்டைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இதப் படிக்கப் போறீங்களா, பூட்டி வைக்கப் போறீங்களா டீச்சர்?" படிக்கத்தான் என்றேன். அப்படியானால் தையல் மாற வேண்டும் என்றார். பக்கவாட்டில் குத்தித் தைத்தால் கட்டு உறுதியாக இருக்கும், ஆனால் உள் ஓரம் தைப்புக்குள் போய்விடும், முழுசாக விரியாது. தாள்களை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் நூல் ஓட்டித் தைத்தால் புத்தகம் மேஜைமேல் தட்டையாக விரியும். நாள் கூடுதல், கூலி கூடுதல். சரி என்றேன்.

அடுத்து மை. ஒரு எழுத்தின் வால் முனையில் ஈரப் பஞ்சின் நுனியை வைத்து எடுத்து, வெள்ளைத் தாளில் ஒற்றிக் காட்டினார். பழுப்பாக ஒட்டியிருந்தது. "மை ஓடுது. இதுக்குத் தண்ணி காட்டக் கூடாது." பழைய கறுப்பு மை என்பது காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் கலந்து செய்வது. ஐரோப்பாவில் மாசிக்காய் போடுவார்கள், நம் பக்கம் கடுக்காயும் போடுவதுண்டு. எழுதும்போது கறுப்பு, போகப் போகப் பழுப்பு. அன்னபேதியில் இருக்கும் இரும்பு மெல்ல மெல்லத் தாளையே தின்னும். சில பக்கங்களில் எழுத்தின் கோடு இருந்த இடம் ஓட்டையாகவே விழுந்திருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடுக்காய் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பழைய கோயில் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து அரைக்கும்போது ஊற்றுவதும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும்தான். சுவரையும் சுவரைப் பற்றி எழுதின மையையும் ஒரே மரத்துக் காய் இறுக்கிப் பிடிக்கிறது என்று பாயிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே பசை கிண்டினார்.

பசையும் கவனிக்க வேண்டிய விஷயம். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். பாய் அட்டைக்கும் முதுகுத் துணிக்கும் மட்டும் துத்தம் போட்ட பசை, பழைய தாளில் படுகிற இடத்துக்கு வெறும் மைதா என்று இரண்டு சட்டி வைத்திருந்தார். துத்தம் பூச்சியைக் கொல்லும், நாள்பட்டால் தாளையும் கெடுக்கும். கிழிசலுக்கு வெங்காயத் தோல் மாதிரி சன்னமான கைத்தாளைக் கிழித்து ஒட்டினார். கத்தரியால் வெட்டின ஓரம் கண்ணுக்குத் தெரியும், கையால் கிழித்தது நாரோடு நார் சேர்ந்துவிடும் என்றார். ஒட்டின இடத்தில் அடியில் இருக்கிற எழுத்து தெளிவாகப் படிக்க வருகிறது. லேமினேஷன் பற்றிக் கேட்டேன். "உள்ள இருக்கிற ஈரம் எங்க போகும்? மூச்சு முட்டிச் செத்துரும் டீச்சர்" என்றார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடைக்கு நான் காலம் முழுக்க நன்றி சொல்ல வேண்டிய விஷயம்.

கணக்கு நோட்டின் மூல அட்டை அப்படியே இருந்தது. நான்கில் அது ஒன்றுதான் ஒரு தடவையும் பிரிக்கப்படாதது. பாய் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது அட்டை இல்ல. காயிதத்த ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி அட்டையாக்கிருக்காங்க. பிரிச்சுப் பாக்கவா?" அந்தக் காலத்தில் அட்டை விலைக்கு வாங்காமல் பழைய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய வைத்து, அட்டையாக்கிக்கொள்வது வழக்கமாம். பிரித்தால் பழைய அட்டை போய்விடும், அதனால் கேட்டுத்தான் செய்வேன் என்றார். நான் பங்குச்சாமிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சரி என்றார்.

மூன்று மத்தியானம் ஆனது. தண்ணீர் படாமல், மூங்கிலில் சீவின மெல்லிய தகட்டை விட்டு விட்டுப் பிரித்தார். பசையைப் பூச்சி தின்றிருந்தது நல்லதாகப் போயிற்று, பெரும்பாலான தாள்கள் உலர்வாகவே விட்டு வந்தன. மொத்தம் பத்தொன்பது தாள். பிள்ளைகள் எழுதிப் பழகின தாள்கள், செபம் அச்சடித்த துண்டுகள், அவற்றுக்கு நடுவே ஐந்து தாள் கட்டட வேலைக் கணக்கு. மேலே 'தாரண௵ தை௴', அதாவது தாரண வருஷம் தை மாதம் என்று ஆரம்பம். தமிழ் எண்கள், புள்ளி வைக்காத எழுத்து. 'மதுரை ரயிலடியிலிருந்து தேக்கு மரம் ஏற்றி வந்த வண்டிக் கூலி' என்று ஒரு வரி. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, கொத்தன் கூலி, சித்தாள் கூலி. கடைசித் தாளில் 'பூசைக்குப் பந்தல் போட்ட வகை'.

தாரண வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1824இலும் வந்தது, 1884இலும், 1944இலும். இதில் எது? மதுரைக்கு ரயில் வந்தது 1875 என்பதால் 1824 அடிபட்டுப் போகிறது. 1944ஐ அடித்தவர் பாய். கணக்கு நோட்டு விஜய வருஷத்தில், அதாவது 1893இல் தொடங்குகிறது. "தையல் முதல் தையல்தான், முதுகுல ரெண்டாவது துளை கிடையாது. நோட்டுப் போட்டப்ப ஒட்டின அட்டைதான் இது" என்று நூலையும் துளையையும் எனக்குக் காட்டினார். 1893இல் போட்ட நோட்டின் அட்டைக்குள் 1944இன் தாள் இருக்க முடியாது. ஆக அது 1884–85. தை மாதம் என்றால் 1885 ஜனவரி, பிப்ரவரி. முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தின எனக்கு, நூல் துளை ஒரு சான்று என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றே வீட்டுக்கு வந்து ஞானஸ்நானப் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். லத்தீன் படித்துச் சொல்ல ஓய்வு பெற்ற சாமியார் ஒருவர் உதவினார். எண்பத்தாறு வயது, குருமடத்தில் பாடமே லத்தீனில் படித்த தலைமுறை. பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பதிவிலும் ஒரு சொல் இருக்கும். நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. 1861 முதல் 1884 முடிய 'இன் சாச்செல்லோ', அதாவது சிற்றாலயத்தில். 1885 பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் 'சுப் பந்தல்'. ஆம், நம்ம பந்தல்தான். பந்தலுக்கு அடியில் என்று லத்தீனோடு தமிழைச் சேர்த்து எழுதியிருக்கிறார் அந்தப் பிரெஞ்சுச் சாமியார். 1885 ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று நடந்த ஞானஸ்நானத்துக்கு முதல் தடவையாக 'இன் எக்லேசியா', கோயிலில். அதற்கப்புறம் சாச்செல்லோ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. தை மாதம் தேக்கு வந்திறங்கியிருக்கிறது, ஆடி முடியப் பந்தல், ஆவணி பிறக்கும்போது கூரை. கத்தி தின்ற எண் 5.

நம்ம சொற்கள் அவர்கள் பேனாவில் புகுந்தது பந்தலோடு நிற்கவில்லை. 1914இல் லெயோன் பெஸ் என்ற இயேசு சபைச் சாமியார் மதுரை மிஷன் பங்குகளின் வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதித் திருச்சியில் அச்சிட்டார். அதன் தலைப்பிலேயே 'பங்கு' என்ற நம் சொல்தான் பிரெஞ்சுப் பன்மையோடு நிற்கிறது.

அடக்கப் பதிவேடு இதைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, பக்கம் பக்கமாக அடக்கங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு பெயர். படிக்கப் படிக்க மனசு கனத்துப்போகும். அதைத் தாண்டி 1879இல் ஒரு உபதேசியாரின் அடக்கம். நடுவில் வழக்கமான வாசகம். வெளி ஓரத்தின் கடைசி நுனியில், தாள் முடியும் இடத்தில், பொடி எழுத்தில் 'ஆந்தே போர்த்தாம் சாச்செல்லி'. சிற்றாலய வாசலுக்கு முன்னால்.

அந்த உபதேசியாரின் கல்லறைக் கல் எங்களுக்குத் தெரியும். பெயரும் 1879ம் இன்றைக்கும் படிக்கலாம். ஆனால் அந்தக் கல் வாசலுக்கு முன்னால் இல்லை. கோயிலுக்குள், பெண்கள் உட்காரும் பக்கம், பீடத்திலிருந்து பதினான்கு எட்டு, வாசலிலிருந்து உள்ளே பதினோரு எட்டு தள்ளிக் கிடக்கிறது. சின்ன வயசில் அதன்மேல் காலை வைத்துவிடாமல் அம்மா என்னைத் தாண்டித் தூக்கிப் போவார். உபதேசியாரைக் கோயிலுக்குள்ளேயே புதைத்த மரியாதை என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அவரை வாசலில்தான் புதைத்தார்கள். ஆறு வருஷம் கழித்துக் கோயில் நீண்டு வந்து அவரை உள்ளே எடுத்துக்கொண்டது.

இதைப் படித்த மறுநாள் காலை டேப்போடு கோயிலுக்குப் போனேன். கல் கிடக்கும் இடத்துக்கு நேராக இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து மேலே வரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. வருஷா வருஷம் பூசுவோம், அடைமழை முடிந்தால் மறுபடி திறக்கும். போன வருஷம் ஒரு காண்ட்ராக்டர் அதைக் காட்டித்தான் "அஸ்திவாரம் போச்சு, இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அஸ்திவாரம் போன வெடிப்பு இல்லை. பழைய சிற்றாலயச் சுவரும் 1885இல் நீட்டின சுவரும் சந்திக்கிற மூட்டு. செங்கல் ஒன்றோடொன்று பல் கோக்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்ததில் மூட்டுக்கு இந்தப் பக்கம் செங்கல் ஒரு கனம், அந்தப் பக்கம் வேறு கனம். அந்த மூட்டைச் சிமெண்டால் அடைத்ததுதான் தப்பு. இறுகிப்போன சிமெண்டு அசைவுக்கு இடம் கொடுக்காது, ஈரத்தையும் வெளியே விடாது, சுண்ணாம்புச் சாந்து என்றால் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். பேரவையில் இதைச் சொன்னபோது இடிக்கிற பேச்சு அன்றைக்கே நின்றது.

'ஆந்தே போர்த்தாம் சாச்செல்லி' என்ற அந்த மூன்று வார்த்தை தாளின் விளிம்பிலிருந்து ஒரு நெல்லளவு உள்ளே இருக்கிறது. "ஒரு தட்டு தட்டிட்டா" அது இல்லை.

1898க்கும் விடை கிடைத்தது. கணக்கு நோட்டில் விளம்பி வருஷம் 'முகப்பு கட்டின வகை' என்று தனித் தலைப்பே இருக்கிறது. பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறந்த பிறகு எங்கள் கணக்கில் நெல்லாக வந்த காணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. முகப்பு அந்த நெல்லில் எழும்பியது என்றே நான் நம்புகிறேன். முகப்பின் கூர் வளைவுகளைப் பார்த்துவிட்டு 'இடைக்காட்டூர் கோயில் கட்டின கொத்தனார்கள் வந்து கட்டியது' என்று ஊரில் சொல்வார்கள். இடைக்காட்டூர் இருதய ஆண்டவர் கோயில் 1894, காலம் பொருந்துகிறது. ஆனால் எங்கள் கணக்கில் கொத்தனார்களின் பெயர்தான் இருக்கிறது, ஊர் இல்லை. அதனால் மலரில் சேர்க்க நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு கோயிலுக்கு ஒரே ஒரு வருஷம்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டோம். மதுரை கீழவெளி வீதி வியாகுல மாதா பேராலயமே 1840களில் எழுந்த சிறு கோயில் வேறு, 1916இல் கட்டின இன்றைய கோயில் வேறு. எங்கள் மலரில் 1861 பதிவேடு, 1885 கோயில், 1898 முகப்பு என்று மூன்றையும் போட்டோம். அருளானந்தர் பேச்சைப் பெரியவர்கள் சொன்னபடியே, அவர்கள் வாய்மொழி என்று குறிப்பிட்டுத் தனிப் பக்கத்தில் போட்டோம். அருளானந்தர் சேர்ந்திருந்த இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, பிரெஞ்சுச் சாமிமார் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தது 1838 வாக்கில். இடையில் இருந்த ஜனங்கள் தங்கள் விசுவாசத்தைக் காகிதமில்லாமல்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். பதிவேடு தொடங்கிய வருஷத்தை விசுவாசம் தொடங்கிய வருஷமாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

இனி குறைகள். ஒன்றரை மாதம் என்று சொல்லிவிட்டு நாலு மாதம் ஆக்கினார். ஜூன் மாதம் பள்ளிக்கூட நோட்டு வேலை வந்தால் மற்றதெல்லாம் ஓரமாகப் போய்விடும், அதனால் ஜூலைக்கு அப்புறம் கொடுப்பது நல்லது. பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். பங்குக் கணக்குக்கு அது ஆகாது என்று வவுச்சரில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. முதுகில் தங்க எழுத்து அச்சடிக்க வெளியே கொடுக்கிறார். அங்கே 'ஞானஸ்நானம்' என்பதை 'ஞானஸ்தானம்' என்று அடித்து வந்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்க இன்னும் இரண்டு வாரம். நீங்கள் எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

படம் எடுக்கிற வேலையை மட்டும் இங்கே கொடுக்க வேண்டாம். கேட்டால் அவருடைய பையன் போனில் எடுத்துத் தருகிறார். பக்கங்கள் சாய்வாக இருக்கின்றன, ஓரம் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. எந்த ஓரத்துக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே படத்தில் இல்லை. நான் பிறகு என் அண்ணன் மகனை வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு பக்கமும் கறுப்புத் துணி தெரிகிற மாதிரி எடுத்தேன். நாலு கட்டுக்கும் ஒன்பது நாள்.

கூலி ஒரு கட்டுக்கு 1,800 ரூபாய். அட்டை பிரித்ததற்குத் தனியாக 600 வாங்கினார். பழைய நீல அட்டைப் பதிவேட்டுக்கும் தையலை மாற்றிக் கொடுத்தார், போன ஓரம் திரும்பாது என்றாலும் உள் ஓரமாவது இப்போது விரிகிறது. லேமினேஷன் இதைவிட மலிவு என்று பேரவையில் ஒருவர் கணக்குச் சொன்னார். வெடிப்புக்கு வருஷா வருஷம் சிமெண்டு பூசின செலவை நான் எடுத்து வைத்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. பதிவேட்டைக் கோயிலை விட்டு வெளியே எடுக்கப் பங்குச்சாமியின் அனுமதியை எழுத்திலேயே வாங்குங்கள். அதில் ஜனங்களின் குடும்ப ரகசியங்கள் இருக்கின்றன. தகப்பன் பெயர் எழுதாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். பாய் அதைப் புரிந்துகொண்டு இரும்புப் பெட்டியில் பூட்டித்தான் வைத்தார், ஆனால் அது நாம் சொல்லிக் கேட்க வேண்டியது. ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கத்தையும், அட்டையின் உள்பக்கத்தையும் முன்கூட்டியே படமெடுத்து எண் போட்டுக்கொள்ளுங்கள். அட்டைக்குள்ளிருந்து தாள் வந்தால் அது முன் அட்டையா, பின் அட்டையா, எத்தனையாவது அடுக்கு என்று பென்சிலில் ஒரு சீட்டில் குறித்துக் கூடவே வையுங்கள். எங்களுக்கு வருஷத்தைச் சொன்னது தாள் மட்டும் இல்லை, அது இருந்த இடமும்தான்.

பதிவேட்டில் விடை கிடைக்காதவர்கள் கோயில் மனையின் தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள். மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துப் பழைய பதிவுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லியோனிலிருந்து 1868 முதல் வந்த பிரெஞ்சு மிஷன் வாரப் பத்திரிகையைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே புரட்டலாம். ஆனால் முதலில் உங்கள் அலமாரியைத் திறங்கள்.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு இந்தக் கடை வேண்டாம், அதற்கு வேறு கடைகள் வேகமாகச் செய்யும். கையெழுத்துப் பதிவேடு, பழைய கணக்கு, குடும்பப் பத்திரக் கட்டு என்றால் நேராக இங்கே போகலாம். பதிவேட்டைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் இருப்பார். அடுத்த மாதம் எங்கள் கிளைக்கிராமத்துக் கோயிலின் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன். அதன் அட்டையும் தட்டினால் காயிதச் சத்தம்தான் கேட்கிறது.